லீவு ஒரு மாதம், எலும்புக்கு மூன்று மாதம்

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. கீழ்த்தாடையில் வலது பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களை நான்கு வருடத்துக்கு முன் எடுத்தோம். மேலே இடது பக்கமும் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. கழற்றி மாட்டும் பல்செட் செய்து கொடுத்தோம். குத்துகிறது என்று அதை டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். வெற்றிலை போடுவார். குவைத்தில் இருக்கும் என் தம்பி அடுத்த மாதம் ஒரு மாத லீவில் வருகிறான். அதற்குள், தாடை எலும்பில் திருகு இறக்கிப் பல் கட்டும் இம்பிளாண்ட் வைத்து முடித்துவிட வேண்டும் என்கிறான். ஒரு கிளினிக்கில் மூன்றே நாளில் பல் கட்டித் தருகிறோம் என்றார்கள். இன்னொரு டாக்டர் ஆறு மாதம் ஆகும் என்றார். யார் சொல்வது சரி? பிரிட்ஜ் போட்டால் போதாதா? திருவனந்தபுரம் போவது நல்லதா? இம்பிளாண்ட் வைத்தால் பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க முடியாது என்கிறார்களே, உண்மையா? அம்மாவோ, 'எனக்கு ஒண்ணும் வேண்டாம், இருக்கிற பல்லு போதும்' என்கிறார்.
ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டு வைத்தது, 'எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை' என்ற வரியை. மூன்று நாளா ஆறு மாதமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள்.

வாரம் ஒன்று என்று தரப்படும் மாத்திரை வெறும் வைட்டமின் டி ஆக இருக்கலாம். 60,000 யூனிட் என்று அட்டையில் போட்டிருக்கும். அப்படியானால் பல் விஷயத்தில் அதனால் ஒரு கவலையும் இல்லை. அலென்ட்ரோனேட், ரைசெட்ரோனேட் என்று இருந்தால்தான் நாம் பேச வேண்டியது இருக்கிறது. நம் எலும்பு வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கரைந்த இடத்தில் புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த மருந்துகள் கரைவதைத் தடுக்கின்றன. முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் அது நல்லது. ஆனால் பல் எடுத்த புண்ணோ இம்பிளாண்ட் வைத்த குழியோ ஆற, பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வர வேண்டும். அந்த வேலை மந்தமாகும்போது, மிகச் சிலருக்குப் புண் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். வந்துவிட்டால் மாதக்கணக்கில் அவதிதான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வாராந்தர மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அவர்களில் பலருக்கு இம்பிளாண்ட் வைத்து நன்றாகவே இருக்கிறது. புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை அதிக அளவில் நரம்பு வழியாக ஏற்றிக்கொள்கிறவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். அவர்களுக்கு நாங்கள் பொதுவாக இம்பிளாண்ட் வைப்பதில்லை. உங்கள் அம்மா எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நான்கு வருடத்தைத் தாண்டினாலோ, கூடவே ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலோ கவனம் கூட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ 'எலும்பு ஊசி' போட்டிருந்தாலும் அதைப் பல் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஊசி போட்டு மாதங்கள் ஆகிவிட்டதால் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இன்னொன்று. பல் வைப்பதற்காக அந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாத ஊசியைத் திடீரென்று விட்டவர்களுக்கு முதுகெலும்பில் முறிவு வந்திருக்கிறது. ஒரு பல்லுக்காக முதுகைப் பணயம் வைக்கக் கூடாது. மருந்து எழுதிய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை சாப்பிட்டால் அதற்கும் இதே பேச்சுதான்.

அடுத்தது சர்க்கரை. அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த கணக்கு எனக்குப் போதாது. சிகிச்சைக்கு இரண்டு நாளுக்கு முன் சோற்றைக் குறைத்து, கணக்கை நன்றாகக் காட்டுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். அது 7-ஐ ஒட்டி இருந்தால் தாராளமாக மேலே போகலாம். 8-ஐத் தாண்டியிருந்தால் நான் தள்ளிப் போடுவேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வாயில் புண் ஆறுவது தாமதமாகும், ஈறுநோய் அதிகமாகும், எலும்பு உலோகத்தைப் பிடிப்பதும் சந்தேகம்தான். சர்க்கரை இருப்பதாலேயே இம்பிளாண்ட் கூடாது என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வெற்றிலையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். பொயிலை சேர்த்தா, சேர்க்காமலா என்று எனக்குத் தெரிய வேண்டும். பொயிலை சேர்ந்தால் ஈறுக்கு ரத்த ஓட்டம் குறையும், இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்பு கூடும். பொயிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே கெடுதல் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று அறிவித்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்து போகும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். அம்மாவை வாயை முழுவதும் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். தாராளமாக நுழைந்தால் நல்லது. இரண்டு விரல்தான் நுழைகிறது, காரம் பட்டால் கன்னம் எரிகிறது என்றால், இம்பிளாண்டை மறந்துவிட்டு முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

சரி, இப்போது மூன்று நாளும் ஆறு மாதமும்.

இம்பிளாண்ட் என்பது டைட்டானியத்தில் செய்த ஒரு திருகு. அதைத் தாடை எலும்பில் இறக்கி, எலும்பு அதை இறுகப் பிடித்த பிறகு அதன்மேல் பல் வடிவில் செய்த கேப் பொருத்துகிறோம். எலும்பு டைட்டானியத்தைப் பிடிக்கும் என்பதைக் கண்டறிந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க். 1952-இல் முயலின் காலெலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி, எலும்புக்குள் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருந்தது. 1965-இல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக இதை வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை, 40 வருடத்துக்கு மேல், அந்தப் பற்களால் சாப்பிட்டார். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் பாரம் ஏற்றாமல் விட வேண்டும் என்பது பிரோனமார்க் காலத்தில் வந்த விதி. மேல்தாடை எலும்பு பஞ்சு போன்றது, அதனால் கூடுதல் காலம். திருகின் மேற்பரப்பை இப்போது சொரசொரப்பாகச் செய்வதால் அந்தக் காலம் சிலருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் 62 வயதும் பத்து வருடச் சர்க்கரையும் எலும்பு மாத்திரையும் உள்ள ஒருவருக்கு நான் அவசரப்பட மாட்டேன்.

வீட்டுக்குக் காங்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரித்துவிட்டு மேலே ஏறி நிற்கச் சொல்லமாட்டோமே. அதே நியாயம்தான் இங்கும்.

மூன்று நாளில் பல் கட்டுவது பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலும் ஒரு தாடைப் பல் முழுவதும் இல்லாதவர்களுக்கு, பல இம்பிளாண்டுகளைத் தாடையின் கெட்டியான பகுதியில் ஊன்றி, அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து உடனே பல் கட்டுவார்கள். பாரம் எல்லாவற்றுக்கும் பங்காகிவிடுவதால் அது நிற்கிறது. முன்பல் ஒன்று விழுந்தவருக்கு அன்றைக்கே தற்காலிகமாக ஒரு பல் வைத்து அனுப்புவதும் உண்டு. அந்தப் பல் எதிர்ப்பல்லில் படாதபடி வைப்போம், பார்வைக்காக மட்டும். உங்கள் அம்மாவுக்குக் குறைவது கடைவாய்ப் பற்கள். வாயில் அதிகமான அழுத்தம் விழுகிற இடம் அது. அங்கே தனியாக நிற்கும் திருகின்மேல் மூன்றாம் நாள் பல்லைக் கட்டி, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிடச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு மாதம் என்று சொன்ன டாக்டர் பக்கம்தான் நானும். கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் மூன்று நான்கு மாதத்தில் முடியலாம்.

பிரிட்ஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழே வலது பக்கம் அதற்கு வழி இல்லை. பக்கத்துப் பற்களைச் சீவி, அவற்றின்மேல் கேப் போட்டு, அவற்றோடு நடுப்பல்லையும் சேர்த்துக் கட்டுவதுதான் பிரிட்ஜ். அதற்கு இடைவெளியின் இரண்டு பக்கமும் பல் வேண்டும். அங்கே கடைசி இரண்டும் போய்விட்டதால் பின்னால் தாங்க ஒன்றும் இல்லை. ஆகவே அந்த இடத்துக்கு இம்பிளாண்ட், இல்லையென்றால் கழற்றி மாட்டும் செட். மேலே இடது பக்கம் கதை வேறு. அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள பற்களைப் பாருங்கள். அவற்றில் பெரிய அடைப்போ, வேர் சிகிச்சையோ ஏற்கெனவே செய்திருந்தால் எப்படியும் கேப் போட வேண்டியதுதான், அப்போது பிரிட்ஜ் மிக நல்ல தீர்வு. இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும், தம்பி இருக்கும்போதே. இரண்டு பல்லும் பழுதே இல்லாமல் இருந்தால், நல்ல பல்லைச் சீவ எனக்கு மனம் வராது. ஆனால் அந்த இடத்தில் மேலே சைனஸ் என்ற காற்று அறை எலும்புக்குள் இருக்கிறது. பல் போன பிறகு அந்த அறை கீழே இறங்கி வந்து எலும்பு மெலிந்துவிடும். இம்பிளாண்டுக்காகச் சைனஸைத் தூக்கி எலும்புத் தூள் வைக்க வேண்டிவந்தால் காலமும் செலவும் கூடும். உங்கள் அம்மாவுக்கு அது தேவைதானா என்று யோசிப்பேன்.

கீழ்ப்பக்கத்திலும் ஸ்கேன் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. பல் எடுத்த முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பு அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். உங்கள் அம்மாவுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது. எலும்புக்கு உள்ளே உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. திருகின் நுனி அதிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். நரம்பு நசுங்கினால் உதடு மரத்தே போய்விடும், சிலருக்கு நிரந்தரமாக. சாதாரண எக்ஸ்ரேயில் உயரம் தெரியும், அகலம் தெரியாது. ஆகையால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் கீழே பின்பக்கம் இம்பிளாண்ட் வைக்க ஒத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றையும் டாக்டர் பார்க்க வேண்டும். எதிரே மேலே இருக்கும் பற்கள், மோத ஆளில்லாமல், நான்கு வருடத்தில் கீழே இறங்கி வந்திருக்கும். அதிகம் இறங்கியிருந்தால் கேப் வைக்க இடமே இருக்காது.

இரண்டு பல் போனால் இரண்டு இம்பிளாண்ட் என்பது கட்டாயம் இல்லை. முதல் கடைவாய்ப் பல்லுக்கு ஒன்று வைத்துவிட்டுக் கடைசிப் பல்லை விட்டுவிடலாம். பெரும்பாலான மெல்லும் வேலை முதல் பல்லிலேயே நடந்துவிடும். செலவும் பாதியாகும்.

இதைச் சொல்லும்போதே உங்கள் அம்மாவின் வார்த்தைக்கு வருகிறேன். 'இருக்கிற பல்லு போதும்' என்கிறார். நீங்களும் தம்பியும் இரண்டு டாக்டர்களும் கருத்துச் சொல்லிவிட்டோம். வாய் அவருடையது. அவர் சொல்வதில் மருத்துவ நியாயமும் உண்டு. முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் சேர்ந்து மேலும் கீழுமாக 20 பல் ஒன்றோடொன்று பொருந்தி ஆரோக்கியமாக இருந்தால், பலருக்கு அன்றாடச் சாப்பாட்டுக்கு அது போதும். எல்லா இடைவெளியையும் அடைத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஆனால் அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஊசிக்குப் பயமா? மகன் வெயிலில் உழைத்து அனுப்பும் பணம் தன் வாய்க்குச் செலவாவதில் மனம் இடறுகிறதா? எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மாக்களிடம் இந்த இரண்டாவது காரணம்தான் அதிகம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவர் சாப்பிடுவதையும் கொஞ்சம் கவனியுங்கள். பயறு, கீரை, காய்களை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியும் குழைத்த சோறும் கிழங்குமாக இறக்குகிறாரா? மெல்ல முடியாதவர்கள் மெத்தென்ற மாவுச்சத்துப் பக்கமே போவார்கள், சர்க்கரைக்காரருக்கு அது ஆகாது. முந்திரிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டுப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாரா? அப்படியென்றால் இருக்கிற பல் போதவில்லை என்றுதான் அர்த்தம். அதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம். அதற்கு மேலும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

டப்பாவில் கிடக்கும் பல்செட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். குத்துகிற இடத்தைத் தேய்த்துச் சரி செய்வது சில நிமிட வேலை. பின்னால் பல் இல்லாத இடத்தில் வைக்கும் செட் ஆடத்தான் செய்யும். உலோகச் சட்டம் வைத்துச் செய்தால் ஆட்டம் நன்றாகக் குறையும். இம்பிளாண்டுக்கு உடல் தயாராகும் வரைக்கும், ஏன், அதற்குப் பதிலாகவும் அது உதவும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

தம்பியின் லீவு வீணாகவும் வேண்டாம். அவர் வருவதற்கு முன்பே ஹெச்பிஏ1சி எடுத்துவிடுங்கள், மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வந்த முதல் வாரத்தில் ஸ்கேன், ஈறு பரிசோதனை, பல் சுத்தம் செய்தல். ஈறில் ரத்தம் கசிகிற வாயில் இம்பிளாண்ட் வைக்கவே கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் அந்த மாதத்துக்குள்ளேயே திருகை வைத்து, தையலும் பிரித்து, அவர் நிம்மதியாக விமானம் ஏறலாம். ஒரு திருகு வைக்க மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் ஒரு மணி நேரத்துக்குள்ளான வேலைதான். பல் எடுத்த வலியைவிடக் குறைவாக இருந்தது என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். கேப் வைக்கும்போது அம்மாவுடன் நீங்கள் இருந்தால் போதும். சர்க்கரையோ ஈறோ சரியில்லை என்றால் தம்பி போன பிறகு செய்யலாம். குவைத்திலிருந்து வீடியோவில் டாக்டரிடம் பேசட்டும்.

திருவனந்தபுரமா, இங்கேயா என்றால் என் பதில், எங்கே திரும்பத் திரும்பப் போய்வர முடியுமோ அங்கே. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதை நன்றாகச் செய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அது பக்கம். திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டாவது கருத்துக் கேட்கவும் செலவைக் குறைக்கவும் கல்லூரிகள் நல்ல இடம், காத்திருக்கப் பொறுமை வேண்டும் என்பது மட்டும்தான். கேப்பின் திருகு ஒருநாள் தளர்ந்து பல் ஆடினால், அம்மாவை யார் எப்படிக் கூட்டிப்போவது என்று யோசித்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

செலவு ஒரு பல்லுக்கு 20,000 சொச்சத்தில் தொடங்கி 50,000 ரூபாயையும் தாண்டும். கம்பெனியைப் பொறுத்து வித்தியாசம். சொல்லும் தொகையில் ஸ்கேன், கேப், திருகையும் கேப்பையும் சேர்க்கும் இணைப்புத் துண்டு, தேவைப்பட்டால் எலும்புத் தூள் எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். திருகுக்கு மட்டும் விலை சொல்லி, கேப்புக்குத் தனியாகக் கேட்கும்போதுதான் வீட்டில் சண்டை வரும். இம்பிளாண்டின் கம்பெனி, அளவு, தொகுப்பு எண் எழுதிய அட்டையை மறக்காமல் வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனித் திருகுக்கும் சாவி வேறு. பத்து வருடம் கழித்து வேறு டாக்டரிடம் போனாலும் அந்த அட்டை இருந்தால் சரி செய்துவிடலாம். ஆயுள் உத்தரவாதம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். நன்றாகப் பராமரித்தால் பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்கின்றன. அந்தக் கணக்கே போதுமான நம்பிக்கை தருகிறது.

பராமரிப்பு என்றால் தினமும் இரண்டு வேளை மெதுவான பிரஷ், பல்லிடுக்குக்கு அந்தச் சின்ன பிரஷ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர். டைட்டானியத்தில் சொத்தை வராது. சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடலாம், அதுவும் வலியில்லாமலே. ஈறு சிவந்தாலோ, ரத்தமோ சீழோ வந்தாலோ, வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தாராளமாக எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தாடையை ஒட்டிய படத்தில் கொஞ்சம் மங்கல் விழும், அவ்வளவுதான். ஸ்கேன் எடுப்பவரிடம் இம்பிளாண்ட் இருக்கிறது என்று சொல்லி, அந்த அட்டையைக் காட்டுங்கள். கழற்றி மாட்டும் செட் வைத்திருந்தால் அதை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.